நடக்கும்போது பார்ப்பதை வீட்டுக்குக் காட்டுகிறீர்களா?

டெல்டாக்காரி
18 ஏப்ரல் 2020, காலை 9.10

கோத்தகிரியில் வங்கி வேலை. கணவரும் மகளும் கும்பகோணத்தில், மாமியார் வீட்டில். முழுப் பரீட்சை முடிந்ததும் இருவரையும் இங்கே வரவழைத்து மே மாதம் முழுக்க வைத்துக்கொள்வதாகத் திட்டம். மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டார்கள், மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. 14-ஆம் தேதியோடு முடிந்துவிடும் என்று பார்த்தால் மே 3 வரை நீட்டிவிட்டார்கள். இ-பாஸ் கல்யாணம், சாவு, அவசர மருத்துவம் இதற்கெல்லாம்தான் கிடைக்கிறது. பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

நான் இருக்கும் வீட்டில் சிக்னல் வராது. மேலே தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ரோடு வளைகிற இடத்தில்தான் போனில் இரண்டு கோடு தெரியும். அதனால் வேலைக்குக் கிளம்புமுன் அதுவரை நடந்துபோய்ப் பேசிவிட்டு வருவேன். முதலில் போனுக்காக நடந்தேன். இப்போது நடைக்காகவும் நடக்கிறேன், அதுதான் சிக்கல்.

இங்கே ஏப்ரல் எப்படியிருக்கும் என்று தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஜகரண்டா மரத்தில் இலையே தெரியாமல் ஊதாப் பூ. வண்டி ஓடாததால் கீழே விழுந்தது நசுங்காமல் அப்படியே ரோட்டில் கிடக்கிறது. தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் ஆரஞ்சு கலந்த மஞ்சளில் பூத்திருக்கின்றன. பூ என்றால் இதழெல்லாம் கிடையாது, சீப்புப் பல் மாதிரி வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கொத்தைத் தொட்டுப் பாருங்கள், விரல் பிசுபிசுக்கும், அத்தனை தேன். மைனாவும் தேனீயும் ஒரே கிளைக்கு அடித்துக்கொள்கின்றன.

போன வாரம் இதையெல்லாம் வீடியோ காலில் மகளுக்குக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அம்மா, நீ அங்க ஜாலியா இருக்கியா?" என்று கேட்டாள். நான் பதில் யோசிப்பதற்குள் போனைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதிலிருந்து வளைவில் நின்று பேசும்போது கேமராவை என் முகத்துக்கு மட்டும் திருப்பிக்கொள்கிறேன், பின்னால் பூ தெரியாதபடி. மலையில் தனியாக மாட்டிக்கொண்டிருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்? காட்டுகிறீர்களா, மறைக்கிறீர்களா?


ஓய்வு வாத்தியார்
18 ஏப்ரல் 2020, காலை 11.45

அம்மா, குன்னூரிலிருந்து எழுதுகிறேன். பெரியவன் பெங்களூரில், சின்னவன் துபாயில். என் வீட்டுக்காரி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. எனக்கு உங்கள் சிக்கல் நேர்மாறாக இருக்கிறது. நான் வெளியே நடக்கிறேன் என்று தெரிந்தாலே இரண்டு பேரும் சத்தம் போடுவார்கள். "அப்பா, உங்க வயசுக்கு வெளியில போகக் கூடாதுன்னு டிவில சொல்றான்ல?" ஆகவே நான் எதையும் காட்டுவதில்லை. காய்கறி வாங்கப் போனேன் என்று சொல்வேன். தினமும் என்ன காய்கறி என்று ஒரு நாள் கேட்கப்போகிறார்கள்.

சிம்ஸ் பார்க் 1874-இல் வந்தது. சீசன் நேரத்தில் அது பூட்டிக் கிடந்து நான் பார்த்ததில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். அதைவிட எனக்கு உறைப்பது ரயில் இல்லாததுதான். 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டி குன்னூருக்குள் நுழையும்போது கூவுகிற கூவலை வைத்துத்தான் இரண்டாவது காபி போடுவேன். இப்போது நேரம் தெரியாமல் இரண்டாவது காபியே இரண்டு முறை ஆகிறது.

ஒரு லாபமும் உண்டு. விடியுமுன் எங்கள் வீட்டுக் கூரையில் சீகாரப் பூங்குருவி வந்து விசிலடிக்கிறது. கேட்டிருக்கிறீர்களா? பறவைதான் என்று நம்பமாட்டீர்கள். ராகம் தெரியாத பையன் ஒருவன் மனம்போன போக்கில் விசிலடித்துக்கொண்டே போவான் அல்லவா, அசல் அதேதான். இங்கிலீஷிலும் அதற்கு விசிலடிக்கும் பள்ளிப் பையன் என்று பட்டப்பெயர். வகுப்பில் விசிலடித்தவனையெல்லாம் பெஞ்சு மேல் ஏற்றினேன். இவனை என்ன செய்வது?


கறார்
18 ஏப்ரல் 2020, பிற்பகல் 1.20

ஊரடங்கு என்றால் வீட்டில் இருக்க வேண்டும். பூப் பார்ப்பது அத்தியாவசியமா? நாங்கள் கோவையில் பால்கனி தாண்டாமல் இருக்கிறோம். மலையில் இருப்பவர்களுக்குத் தனிச் சட்டமா? எழுபது வயதில் பையன்களிடம் பொய் சொல்லிவிட்டு உலாத்துவதை இங்கே பெருமையாக எழுதுகிறார்கள்.


டெல்டாக்காரி
18 ஏப்ரல் 2020, மாலை 7.40

கறார் சார், வங்கி அத்தியாவசியப் பணி. அடையாள அட்டையோடுதான் போகிறேன், முகக்கவசமும் உண்டு. வழியில் நான் பார்க்கும் மனிதர்கள் மொத்தமே கொழுந்து பறிக்கப் போகும் இரண்டு மூன்று அக்காக்கள்தான். போலீஸ்காரருக்கே என்னைத் தெரியும், "மேடம், சிக்னலுக்கா?" என்பார்.


பெரியகுளத்தான்
18 ஏப்ரல் 2020, இரவு 9.55

கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுகிறேன். ஓட்டினேன் என்று சொல்ல வேண்டும்.

டெல்டா அக்கா, தப்பா நினைக்காதீங்க. மாசம் பொறந்தா சம்பளம் வர்ற ஆளுக்குத்தான் காலி ரோடு அழகு. எங்களுக்கு ஏப்ரல், மே இரண்டு மாதச் சீசன்தான் வருஷத்துச் சாப்பாடு. வண்டித் தவணை, பிள்ளை பீஸ், வீட்டு வாடகை எல்லாம் அதில்தான். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது வண்டிக்கு ஓய்வே இல்லை. இந்த வருஷம் ஏரியைச் சுற்றி நடந்தால் காட்டுமாடுதான் எதிரே வருகிறது. சைக்கிள் வாடகைக்கு விடுகிற பையன், சோளம் சுடுகிற பாட்டி, குதிரைக்காரர், யாருமில்லை. எனக்கு அதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்பா அம்மா பெரியகுளத்தில். கோக்கர்ஸ் வாக் பூட்டியிருக்கிறது, ஆனால் அந்தச் சரிவில் எங்கே நின்றாலும் ராத்திரி மஞ்சு இல்லாவிட்டால் பெரியகுளத்து விளக்கு தெரியும். இந்த ஊரடங்கில் புகை இல்லாமல் எப்போதையும்விட நன்றாகத் தெரிகிறது. வைகை அணைப் பக்கம்வரை ஒரு மினுக்கு. எங்கள் வீடு இருக்கும் திசையை என்னால் விரலால் காட்ட முடியும். ஆனால் போக முடியாது, நான் திண்டுக்கல் மாவட்டம், அவர்கள் தேனி மாவட்டம். காட்ரோட்டில் செக்போஸ்ட்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன், "இங்கேருந்து உங்க லைட்டு தெரியுதும்மா" என்று. அன்றிலிருந்து அந்தம்மா ராத்திரி பத்து மணிக்கு மொட்டைமாடியில் நின்று டார்ச் அடிக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தனை விளக்கில் எது என்று எப்படித் தெரியும்? தெரிகிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.


ஹட்டிப் பையன்
18 ஏப்ரல் 2020, இரவு 11.30

பெரியகுளத்தான் அண்ணா, டார்ச் விஷயம் படித்துவிட்டு லைட்டை அணைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கேத்திப் பக்கத்து ஹட்டி, அதாவது படுகர் ஊர். பெங்களூரில் ஐ.டி. வேலை, மார்ச் மூன்றாம் வாரமே பைக்கில் வந்துவிட்டேன். எனக்கு வீடு, அம்மா, சோறு, வைஃபை எல்லாம் இருக்கிறது. படிக்கும் காலத்துக்குப் பிறகு ஏப்ரல் மாதம் முழுசாக ஊரில் இருப்பது இப்போதுதான். ஊர் நுழைவில் மூங்கில் கட்டி மறித்திருக்கிறார்கள், வெளியாள் வர முடியாது, நாங்களும் சும்மா வெளியே போக முடியாது.

கறார் சாருக்கு: இங்கே தோட்டத்துக்குப் போகாமல் எப்படி இருப்பது? கேரட் இருக்கிறது, மழை ஒன்று விழுந்து கொழுந்து வேறு திபுதிபுவென்று வந்துவிட்டது. விவசாயத்துக்கு அனுமதி உண்டு. தோட்டத்துக்கு நடக்கிற வழியில் பூ பூத்தால் கண்ணை மூடிக்கொண்டா போவது?

டெல்டா அக்கா, உங்கள் பொண்ணிடம் தவிட்டுப்பழம் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா? இப்போது இளஞ்சிவப்பில் பூத்திருக்கும். போகப்போகக் காய்த்துப் பழுக்கும், கரு ஊதாவாகி நாக்கெல்லாம் கறையாகும். பூவைக் காட்டினால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. தின்கிற பொருளைக் காட்டி, "நீ வரும்போது இது பழுத்திருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. வண்டிச் சத்தம் இல்லாததால் காட்டுமாடு பகலிலேயே ரோட்டுக்கு வருகிறது. தனியாக நிற்கும் கிழ ஆண் மாடுதான் ஆபத்து. கூட்டம் நம்மைப் பார்த்தால் தானாக விலகும், தனி மாடு விலகாது. வளைவு திரும்புமுன் கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். விடியுமுன் போகவே வேண்டாம், கோத்தகிரியில் கரடி.


ஊட்டிப் பொண்ணு
19 ஏப்ரல் 2020, அதிகாலை 12.50

பல வருஷமாக இந்தக் குழுவில் படிப்பதோடு சரி. இதற்காகத்தான் கணக்குத் திறந்தேன்.

நான் சென்னையில். அம்மா ஊட்டியில், ஃபிங்கர்போஸ்ட் பக்கம், தனியாக. நான் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிற ஆள், அதனால் சொல்கிறேன்: காட்டுங்கள். தயவுசெய்து காட்டுங்கள். அம்மாவிடம் சாதாரண போன்தான் இருக்கிறது. "என்னம்மா பூத்திருக்கு" என்று கேட்டால், "எல்லாம் வழக்கம்போலத்தான்" என்று முடித்துவிடுவாள். எனக்கு வழக்கம்போல என்பது போதவில்லை. வாத்தியார் சார் ரயில் கூவுவதைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உங்கள் மகள் கோபித்துக்கொண்டது பூவைப் பார்த்து இல்லை. நீங்கள் அவளில்லாத இடத்தில் நன்றாக இருக்கிறீர்கள் என்பதைப் பார்த்து. எனக்கும் அந்தப் பொறாமை இருக்கிறது, முப்பத்தைந்து வயதில். அது நாலு நாளில் போய்விடும். மறைத்தால் போகாது.


பெரியகுளத்தான்
19 ஏப்ரல் 2020, காலை 7.15

நேற்று ராத்திரி கொஞ்சம் கடுப்பில் எழுதிவிட்டேன். ஆனால் எழுதியது உண்மைதான், அழிக்கவில்லை.

வாத்தியார் சார், உங்கள் விசில் குருவி இங்கேயும் உண்டு, செண்பகனூர்ப் பக்கம் ஓடையோரம் கேட்கும். அது போக, கூட்டமாகச் சேர்ந்து சிரிக்கிற மாதிரி கத்துமே ஒரு குருவி, அதைப் பார்க்கவே கேமராக்காரர்கள் என் வண்டியில் வட்டக்கானல் வருவார்கள். பழனி சிரிப்பான் என்று அவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் மலையில் இருப்பது வேறாமே?


ஓய்வு வாத்தியார்
19 ஏப்ரல் 2020, காலை 8.30

வேறுதான் தம்பி. எங்களது நீலகிரி சிரிப்பான், இந்த மலையை விட்டால் அதற்கு வேறு ஊர் கிடையாது. உங்களது பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பழனி மலையிலிருந்து மூணாறு வரைக்கும் உள்ள உயரங்களில். நடுவில் அந்தக் கணவாய் ஒன்றுதான். இதற்கும் அதற்கும் அதைத் தாண்ட இ-பாஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது.


கறார்
19 ஏப்ரல் 2020, காலை 10.05

பேச்சை மாற்றுகிறீர்கள். ஒருத்தர் நடந்தால் நாளை நூறு பேர் நடப்பார்கள். அதைத்தான் சொல்கிறேன். பூவைப் பற்றிக் கவிதை எழுதிப் போட்டால் படிக்கிறவனுக்கும் வெளியே போகத் தோன்றும்.


பெரியகுளத்தான்
19 ஏப்ரல் 2020, காலை 10.20

எங்கள் ஊருக்கு நூறு பேர் வந்து நடந்தால் நான் கும்பிட்டு வரவேற்பேன் சார், வண்டித் தவணை கட்டணும்.


மட்டுறுத்துநர்
19 ஏப்ரல் 2020, காலை 11.00

விதியை மீறச் சொல்லி யாரும் இங்கே எழுதவில்லை, எழுதினால் நீக்குவோம். கறார் சொன்னதில் நியாயம் உண்டு, அதைச் சொல்லியும் ஆயிற்று. இழையைத் தொடரலாம். கொடைக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகப் பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரைக்கு இறங்கிவிடலாம் என்று ஒருவர் போட்டிருந்த பின்னூட்டத்தை எடுத்துவிட்டேன். அது காட்டுப் பாதை. சாதாரண நாளிலேயே வனத்துறையைக் கேட்காமல் போகக் கூடாது.


பெரியகுளத்தான்
19 ஏப்ரல் 2020, காலை 11.10

அது நான்தான் போட்டேன். ரோடு வருமுன் வெள்ளைக்காரனே அந்த வழியாகத்தான் ஏறி வந்தான். சரி விடுங்க.


ஊட்டிப் பொண்ணு
27 ஏப்ரல் 2020, இரவு 10.15

இங்கே நேற்றிலிருந்து நான்கு நாளைக்கு முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூட இல்லை. சனிக்கிழமை கடைக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். யாராவது ஊட்டியில் இருக்கிறீர்களா? அம்மா மூன்று நாளாகக் குரல் கம்மிப் பேசுகிறாள். ஒன்றுமில்லை, குளிர் என்கிறாள். ஏப்ரலில் என்ன குளிர்? யாராவது வாசலில் நின்று ஒரு தடவை பார்த்துச் சொன்னால் போதும்.


ஹட்டிப் பையன்
27 ஏப்ரல் 2020, இரவு 10.40

அக்கா, முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள், இங்கே போடாதீர்கள். மச்சானுடைய பிக்கப்புக்குக் காய்கறி பாஸ் இருக்கிறது. புதன்கிழமை ஊட்டி மார்க்கெட் போகிறோம்.


ஹட்டிப் பையன்
29 ஏப்ரல் 2020, பிற்பகல் 2.30

போய்ப் பார்த்துவிட்டேன். நன்றாக இருக்கிறார்கள்.

கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். முதலில் ஜன்னல் திரை விலகியது, அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. முந்தானையை முகத்தில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்கள். உங்கள் பேரைச் சொன்னதும், "அவளுக்கு வேற வேலை இல்லை" என்றார்கள். பிறகு உள்ளே போய் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து மதில்மேல் வைத்துவிட்டு நாலு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். நான் குடிக்கும்வரை போகவில்லை. தொண்டைக்கட்டுதான், காய்ச்சல் இல்லை, மிளகுக் கஷாயம் குடிக்கிறார்களாம். இருபத்தெட்டு டிகிரியில் சென்னையில் பேன் போட்டுத் தூங்குகிறவளுக்கு ஊட்டி ஏப்ரல் மறந்துபோச்சா என்று கேட்கச் சொன்னார்கள். முந்தாநாள் ஆலங்கட்டி மழை பெய்ததே, தெரியாதா?

உங்கள் வீட்டு பிளம்ஸ் மரத்தில் காய் இலைக்கு இலை தொங்குகிறது, இன்னும் பச்சைதான். குரங்கு இப்போதே பாதியைக் கடித்துத் துப்பிவிட்டது. கீழே கிடந்த ஒன்றைக் காட்டி, "இதையும் அவகிட்ட சொல்லு, மரத்துக்கு வலை கட்ட ஆள் வரலைன்னு" என்றார்கள். போட்டோ தனிமடலில். கிளம்பும்போது, "நான் இளைச்சுட்டேன்னு மட்டும் சொல்லாதே" என்றார்கள். நீங்கள் கேட்டால் பொய் சொல்ல எனக்கு வராது, அதனால் நானே எழுதிவிடுகிறேன்: கொஞ்சம் இளைத்திருக்கிறார்கள்.

வரும் வழியில் தாவரவியல் பூங்கா வாசலைத் தாண்டினோம். மலர்க் கண்காட்சிக்காக வளர்த்த தொட்டிகள் உள்ளே வரிசையாக இருக்கும், பூக்கிற நேரம். யார் பார்க்க?


ஊட்டிப் பொண்ணு
29 ஏப்ரல் 2020, பிற்பகல் 2.45

தம்பி, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது அழைத்தேன், உங்களுக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்க மறந்துவிட்டாளாம்.


ஹட்டிப் பையன்
3 மே 2020, இரவு 8.20

வாரக் கடைசியில் பாட்டி, அம்மாவுடைய அம்மா, போய்விட்டார்கள். அவர்கள் ஹட்டி அடுத்த மலை. எங்கள் சமூகத்தில் சாவென்றால் நாலு சீமையிலிருந்தும் ஊர் ஊராக ஜனம் வரும், அழுகையும் ஆட்டமும் இசையுமாக நாள் முழுக்க நடக்கும். இப்போது இருபது பேருக்கு மேல் கூடாது. அம்மா போனாள், நான் போகவில்லை. எங்கள் தோட்டத்து மேட்டிலிருந்து பார்த்தால் அந்த ஊர் தெரியும். அங்கே போய் நின்றேன். காற்று இந்தப் பக்கம் அடித்தபோது ஊதுகிற கொம்புச் சத்தம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

பெரியகுளத்தான் அண்ணா, உங்கள் அம்மாவிடம் டார்ச் தெரிகிறது என்றே சொல்லிக்கொண்டிருங்கள்.


ஓய்வு வாத்தியார்
3 மே 2020, இரவு 9.00

தம்பி, ஆழ்ந்த வருத்தம். அம்மாவைப் பார்த்துக்கொள்.


டெல்டாக்காரி
9 மே 2020, காலை 9.30

தம்பி, உங்கள் பதிவுக்குப் பிறகு இழையில் எழுதக் கை வரவில்லை. கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன்.

தவிட்டுப்பழம் எடுபடவில்லை. "அது நாவப்பழம் மாதிரியா? இங்கயே கிடைக்குமே" என்று சொல்லிவிட்டாள். ஒரு நாள் தற்செயலாகக் கேமரா கீழே சரிந்தபோது என்கூடவே வளைவு வரை வருகிற தெரு நாயைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். பூ, மலை, மஞ்சு எதுவும் வேண்டாம், நாயைக் காட்டு. அதற்குப் பெயர் வைத்தாயிற்று, சாப்பிட்டதா என்று தினமும் விசாரணை. நேற்று நாய் வரவில்லை, நான் மட்டும் போய்ப் பேசியதற்கு, "நீ ஏன் மெதுவா நடக்கல, அது பின்னாடி வந்திருக்கும்ல" என்று திட்டு விழுந்தது.

நாய்க்குப் பின்னால் ஜகரண்டா தெரிகிறது. அதை அவள் பார்க்கிறாளா என்று நான் கேட்பதில்லை.


கறார்
9 மே 2020, காலை 10.10

நாய்க்கு என்ன பெயர்?


டெல்டாக்காரி
9 மே 2020, காலை 10.12

மேனேஜர்.


பெரியகுளத்தான்
31 மே 2020, இரவு 9.40

செய்தி பார்த்தீர்களா? மாநிலத்தை மண்டலமாகப் பிரித்துவிட்டார்கள், மண்டலத்துக்குள் இ-பாஸ் வேண்டாம். திண்டுக்கல், மதுரை, தேனி எல்லாம் ஒரே மண்டலம். நாளைக் காலையில் இறங்குகிறேன். பூம்பாறைப் பூண்டு வாங்கி வைத்திருக்கிறேன், அம்மாவுக்கு. திரும்பும்போது பெரியகுளத்து மாம்பழம் ஏற்றி வருவேன், சவாரி இல்லாவிட்டால் அதையாவது விற்கலாம்.


டெல்டாக்காரி
31 மே 2020, இரவு 10.05

சந்தோஷம் தம்பி, பார்த்துப் போங்கள், கொண்டை ஊசி வளைவுகளில் மாடு நிற்கும். நீலகிரி கோவையோடு, தஞ்சாவூர் திருச்சியோடு. எனக்கு இன்னும் இ-பாஸ்தான். மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன்.


ஓய்வு வாத்தியார்
31 மே 2020, இரவு 10.20

காரணம் என்ன போட்டீர்கள் அம்மா?


டெல்டாக்காரி
31 மே 2020, இரவு 10.25

குழந்தையை அழைத்து வர என்று போட்டேன் சார். மருத்துவம் என்று போடச் சொல்கிறார்கள், மனசு வரவில்லை.


ஓய்வு வாத்தியார்
31 மே 2020, இரவு 10.40

பொய் வேண்டாம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் வங்கிப் பணிச் சான்று, கும்பகோணம் முகவரிக்கான ஆதார் மூன்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்து இணையுங்கள், வண்டி எண்ணும் ஓட்டுநர் பெயரும் விட்டுப்போகக் கூடாது. கோப்பு பெரிதாக இருந்தால் ஏறாது, சுருக்கித் தருகிறேன், தனிமடலில் அனுப்புங்கள்.